கிரேக்க மொழியில் அழ ஓர் இடம்

ஸ்டமாட்டியாவுக்கு வாய் ஓயாது. தையல் கடையில் மெஷின் ஓடும்போதும் பேசுவாள், பல்லுக்கு நடுவில் குண்டூசியைக் கடித்துக்கொண்டும் பேசுவாள். மெல்பர்னில் ஓக்லிப் பக்கம் எந்தக் கிரேக்கக் குடும்பத்தின் பெயரைச் சொன்னாலும் போதும், எந்தத் தீவு, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று புட்டுப் புட்டு வைப்பாள். அப்பேர்ப்பட்டவள், முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன் ஃபோட்டிஸை விவாகரத்து செய்துவிட்டு, ஏன் செய்தோம் என்பதை மட்டும் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் திண்டாடினாள்.

முதலில் கேட்டவள் ஆர்கிரோ. ஸ்டமாட்டியாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண் இருவர் தலையிலும் வைக்கிற மணமுடிகளை மாற்றி வைத்தவள் அவள்தான். நம் கிரேக்க ஜனங்களில் முடி மாற்றி வைத்தவள் கூடப்பிறந்தவளுக்கும் மேலே. அந்த உரிமையோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஃபோட்டிஸ் குடிக்கிறானா?"

"இல்லக்கா."

"கை நீட்டுறானா?"

"சேச்சே."

"வேற எவளாவது?"

"அவருக்கா? நீங்க வேற!"

"பின்ன என்னடி கேடு உனக்கு? சம்பாதிச்சுப் போடுறான், வீடு கட்டி வெச்சிருக்கான், பொண்ணைப் படிக்க வெச்சான். அம்பத்தொம்பது வயசுல என்ன கூத்து இது?"

ஸ்டமாட்டியா வாயைத் திறந்தாள். "அவரு பேசவே மாட்டேங்கிறாருக்கா" என்றாள். ஆர்கிரோ விழுந்து விழுந்து சிரித்தாள். "கொடுத்து வெச்சவடி நீ! என் வீட்டுக்காரரு வாயை மூடினா நான் கோயிலுக்கு ஆளுயர மெழுகுவத்தி ஏத்துறேன்." அதோடு பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் ஆர்கிரோ வரவும் இல்லை, போன் எடுக்கவும் இல்லை. முடி மாற்றி வைத்தவளின் முகத்தில் கரி பூசிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

பிப்ரவரியில் ஸ்டமாட்டியாவின் பெயர்நாள் வந்தது. பெயர் கொடுத்த புனிதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. பலகாரம் செய்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் ஜனம் தானாக வரும். போன வருஷம்வரைக்கும் உட்கார இடமில்லாமல் ஆட்கள் சமையலறையில் நின்றுகொண்டு காப்பி குடித்தார்கள். இந்த வருஷமும் தேன் பாகில் ஊறவைத்த வால்நட் கேக்கை இரண்டு தட்டு செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் கொளுத்திற்று. மத்தியானத்துக்கு மேல் மணி அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போக வந்த ஆள். அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து ஒரு துண்டு கேக் கொடுத்திருப்பாள், அவன் நிற்கவில்லை. சாயங்காலம் பிரிஸ்பேனிலிருந்து மகள் கிறிசூலா போனில் வாழ்த்துச் சொன்னாள். "நிறைய பேர் வந்தாங்களாம்மா?" என்று கேட்டாள். "வீடு கொள்ளலடி" என்றாள் இவள். போனை வைத்தபின் இரண்டு தட்டையும் ஃப்ரிட்ஜில் திணிக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலிருந்து தூக்கம் போயிற்று. டாக்டர் மாத்திரையோடு ஒரு மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். வெள்ளைக்காரப் பெண், நல்ல மாதிரி. ஆனால் ஸ்டமாட்டியாவின் ஆங்கிலம் தையல் கடையோடு சரி. நீளம் குறைக்கணுமா, இடுப்பு பிடிக்குதா, வியாழக்கிழமை வாங்க. அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. மனசில் இருப்பதைச் சொல்லப் போனால் "நான் சோகம். ரொம்ப சோகம்" என்றுதான் வந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஸ்டமாட்டியாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஓக்லியையே பேச்சில் விலைக்கு வாங்கக்கூடியவள், இங்கே இரண்டு வயசுக் குழந்தை மாதிரி மழலை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!

கிரேக்கம் பேசுகிற ஆள் வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, ஊரில் இருக்கிறார்கள். கண்டுபிடித்தது ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே, அதுதான் பாடு. கோயிலில் கேட்டால் பூசை முடிவதற்குள் கடைசி வரிசைக்குச் செய்தி போய்விடும். கிறிசூலாவிடம் "கடைக்கு வர்ற ஒருத்திக்கு" என்று பொய் சொல்லித் தேடச் சொன்னாள். அவள் ஒரு பெயரை அனுப்பினாள்: ஆன்ட்ரியானா, வயசு முப்பத்தைந்துக்குள், வீடும் ஆபீசும் ஊருக்கு அந்தக் கோடியில். அதுவே பெரிய நிம்மதி. ஒரு மணி நேரம் காரோட்டிக்கொண்டு போய், அங்கேயும் பயந்துகொண்டு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று ஆன்ட்ரியானா கிரேக்கத்தில் சொன்னதுமே ஸ்டமாட்டியாவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தாள். தண்ணீர் குடித்தாள். அப்புறம் செய்தாள் பாருங்கள் ஒரு காரியம்! அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த இடத்தில் நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

ஆன்ட்ரியானா சிரித்தாள். "அது இருக்கட்டும்மா. இது உங்களுக்கான நேரம். நீங்க சொல்லுங்க."

"சொல்றேன், சொல்லத்தானே வந்திருக்கேன். உங்க அப்பா லெஸ்போஸ் தீவா? மூக்கைப் பார்த்தா தெரியுது."

"ஆமாம்மா. நீங்க..."

"அதானே பார்த்தேன். கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. அம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?"

படித்த பெண்தான், தொழில் தெரிந்த பெண்தான். ஆனால் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்களே, அந்த வளர்ப்பு எங்கே போகும்? "போன மாசம்தான் நிச்சயம் ஆச்சு" என்று வாய் விட்டுவிட்டாள்.

"அடி சக்கை! பொண்ணு யாரு?"

"விடுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதவங்க."

"எனக்குத் தெரியாத பொண்ணா? பேரைச் சொல்லேன், நான் என்ன கண்ணா வைக்கப் போறேன்?"

"ரெனா. ஓக்லிப் பக்கம்தான். அம்மா பேரு ஆர்கிரோ."

சாய்ந்திருந்த ஸ்டமாட்டியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரெனா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஆர்கிரோவுக்கு முன்னால் குழந்தையை வாங்கியவள் இவள். அவள் பள்ளிக்கூடத்துப் பாவாடை ஒவ்வொன்றுக்கும் மடிப்பு வைத்துத் தைத்தவள் இவள். நிச்சயம் முடிந்து ஒரு மாசம் ஆகிறது.

"என் கல்யாணத்துல முடி மாத்தி வெச்சவ ஆர்கிரோ" என்றாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

ஆன்ட்ரியானா பேனாவைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "அம்மா, இனிமே நான் உங்களைப் பார்க்கக் கூடாது. எங்க தொழில்ல அது தப்பு."

"ஏன்? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீங்க விட மாட்டீங்க. ஆனா விவாகரத்துன்னு போன்லயே சொன்னீங்க, தம்பி கல்யாணத்துல உங்க... அவரும் வருவாருல்ல? எனக்கு எதிர்லேயே உக்காந்து சாப்பிடுவாரு. நீங்க இங்க சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு நான் அவருக்கு ரொட்டியை எடுத்து நீட்டணும். முடியுமாம்மா?"

"இன்னும் நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"அதனாலதான் இப்பவே நிறுத்துறேன்."

"ரெண்டு வார்த்தை. ரெண்டே வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். நீ காதைப் பொத்திக்கிட்டாலும் சரி."

ஆன்ட்ரியானாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் அவர்கள் செய்யக் கூடாததுதான் போலிருக்கிறது. "பெர்த் நகரத்துல ஒருத்தங்க இருக்காங்க. மெரோப்பின்னு பேரு. கம்ப்யூட்டர்ல பேசலாம். நானே போன் பண்ணி வைக்கிறேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஸ்டமாட்டியா தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். யார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் உனக்கென்னடி? யாரோ பெற்றது, எங்கேயோ வளர்ந்தது, காது இருக்கிறது, போதாதா? சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிடைத்த ஒரே ஆளையும் தன் வாயாலேயே விரட்டிய கோபத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மெரோப்பியிடம் நேரம் கிடைக்க ஈஸ்டர் தாண்டிவிட்டது. அந்த ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போட்டாள், முட்டையோடு முட்டை மோதி உடைத்து விளையாட எதிரில் ஆள் இல்லை. இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டாள், ச்சீ என்று திரும்ப வைத்துவிட்டாள்.

குறித்த நாளில் தையல் மேஜையை ஒழித்து மகளின் பழைய கம்ப்யூட்டரை வைத்தாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள் வந்தாள். எந்த ஊர், எந்தத் தீவு, யார் மகள் என்று ஸ்டமாட்டியாவின் நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டாள். எங்கே இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் கொட்டத் தொடங்கினாள்.

"அவரு நல்லவரும்மா. அதை மொதல்ல எழுதிக்கோங்க. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. சாயங்காலம் வருவாரு, கை கழுவுவாரு, சாப்பிடுவாரு, டிவி பார்ப்பாரு, படுத்துடுவாரு. நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவரு பேச மாட்டாரு. நல்லாருக்குன்னு இல்ல, நல்லால்லன்னும் இல்ல. பொண்ணு வீட்டை விட்டுப் போனப்புறம் நான் ஒரு நாள் வேணும்னே பீன்ஸ் சூப்புல உப்பே போடாம வெச்சேன். திட்டட்டுமே, தட்டைத் தூக்கி எறியட்டுமே! குடிச்சிட்டு எழுந்து போயிட்டாரு. மறுநாளும் வெச்சேன். ஒரு வாரம் வெச்சேன். குடிச்சிட்டுக் குடிச்சிட்டுப் போறாரும்மா. விவாகரத்து வேணும்னு சொன்னேன். உன் இஷ்டம்னாரு. இதைப் போய் யார்கிட்ட சொல்றது? சிரிக்கிறாங்க."

நிறுத்தினாள். மூச்சு வாங்கிற்று. மெரோப்பி ஒன்றும் சொல்லவில்லை. எதிராளி நிறுத்தினால் காத்திருப்பது அவர்கள் தொழில் முறை. ஸ்டமாட்டியாவுக்கு அது என்ன தெரியும்? எதிரில் ஒரு முகம், இவளைப் பார்க்கிறது, பேசவில்லை.

"ஏம்மா, நீங்களுமா?" என்று கத்தியேவிட்டாள். "ஏதாவது சொல்லுங்க. தப்பு உன் மேலதான்னாவது சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மெரோப்பி திரைக்குக் கிட்டே வந்தாள். "கேக்கறேன்மா. ஒண்ணு கேக்கணும். அந்த ஒரு வாரமும் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"அதே சூப்தான். ஒருத்திக்குன்னு தனியா உலை வைப்பாங்களா?"

"எப்படி இருந்துச்சு?"

ஸ்டமாட்டியா கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"வாயில வைக்க முடியல" என்றாள். "ஆனாலும் எல்லாத்தையும் குடிச்சேன்மா."