கொம்பு நுனியில் சந்தனம்

சென்ற வெள்ளிக்கிழமை பேரன் புது பைக்கைக் கோவில் வாசலில் நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்களே பொட்டு வைங்க" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். விரலைத் தோய்த்தேன். பிறகு அந்த வண்டியை முன்னும் பின்னும் சுற்றி வந்தேன், எங்கேயாவது துளை இருக்கிறதா என்று. "என்ன தாத்தா தேடுதீங்க?" என்றான். அதை அவனிடம் எங்கே சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலம். கல்யாணமான மறு வருடமே பிழைப்புக்காக வடக்கே ஒரு விமான நிலையத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆங்கிலமும் இல்லை, இந்தியும் இல்லை. எனக்கு அங்கே வாயும் காதும் மார்த்தாண்டத்துக்காரரான மெக்கானிக் ஞானமுத்து அண்ணன்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கிறிஸ்தவர்; எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர். நான் விபூதி பூசும்போது, "சாம்பல அள்ளிப் பூசியா? குளிருக்கு நல்லதுதாம்லே" என்பார். ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம். இன்னும் முகம் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவு கேட்டு வாங்கி, சிவப்புக் கவுன் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் குளிரை எப்படிச் சொல்வது? ஸ்பானரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

மார்கழி முதல் நாள். சுசீந்திரத்துச் சந்தனக் கட்டி ஒன்றை என் வீட்டுக்காரி தபாலில் அனுப்பியிருந்தாள். விடியற்காலை அதைக் குழைத்துச் சாமியை நினைத்துக்கொண்டு போனேன். டக்கோட்டா விமானத்தின் மூக்குக்குக் கீழே இரண்டு குழாய்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். எதிர்க்காற்று அவற்றின் நுனித் துளையில் நுழைந்தால்தான் விமானிக்கு வேகம் காட்டும் முள் நகரும். அந்தத் துளையில் பனி உறையாமல் இருக்க உள்ளே ஹீட்டரும் உண்டு. ஞானமுத்து அண்ணன் உறையைக் கழற்றி, ஹீட்டரைப் போட்டுத் தொட்டுப் பார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கோ அந்த இரண்டு குழாயையும் பார்க்கும்போதெல்லாம் உழவுமாட்டுக் கொம்புதான் நினைவுக்கு வரும். சோறு போடுகிற எதற்கும் சந்தனம் வைப்பது நம் வழக்கம் அல்லவா? கொம்பு நுனியில் வைப்பதுபோல் இரண்டிலும் அப்பினேன்.

விமானம் ஓடுபாதையில் ஓடியது. பாதி ஓட்டத்தில் பிரேக் கிரீச்சிட நின்றது. முள் இரண்டும் அசையவே இல்லையாம். பயணிகள் போர்வையோடு நடுங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஓட்டம் முடியும் முன்பே விமானி அதைப் பார்த்திராவிட்டால்? அந்த எண்ணம் இன்றைக்கும் பூஜை நடுவில் வந்து நிற்கும்.

இன்ஜினியர் ஒரு வெள்ளைக்காரர். "பனி, ஹீட்டரைப் போடு" என்றாராம். பனி உருகும், சந்தனம் உருகுமா? பொருக்காகக் காய்ந்து கம்மென்று மணந்தது. அவருக்கு ஜலதோஷம். ஞானமுத்து அண்ணனுக்கு மூக்கு நன்றாக இருந்தது. அவர் குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தியபோது மஞ்சள் பொடி உதிர்ந்தது. என்னைப் பார்த்தார்.

இன்ஜினியர் முன் போய்க் கைகூப்பினேன். "அண்ணே, நான்தான் வெச்சேன்னு சொல்லுங்க. சந்தனம்னு சொல்லுங்க." அண்ணன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இன்ஜினியர் என்னை இரக்கமாகப் பார்த்தார். தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னீரு?"

"குளிருல வெரலு மரத்துப் போச்சு, அழுதுகிட்டு நிக்கான்னு சொன்னேன்."

"எதுக்கு அண்ணே?"

"உண்மையச் சொன்னா உனக்க வேல போவும்லே, மக்கா. கையெழுத்துப் போட்டவன் நான். பனியப் பாக்கல்லன்னு எனக்கு லீவுதான போச்சு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இனி பொட்டு வெச்சா உனக்க மண்டையில வெய்யி" என்றார்.

எனக்கு லீவு கிடைத்தது. சுசீந்திரத்துத் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் மார்த்தாண்டத்தில் இறங்கி, சாலையோரம் இருந்த அண்ணன் வீட்டில் அவர் மனைவியிடம் அந்தக் கவுனைக் கொடுத்தேன். குழந்தை என் பையில் இருந்த கையுறையைப் பிடித்து இழுத்தது.

"அவிய வரல்லியா?" என்றார் அந்த அம்மாள்.

"வேல கூடுதலு" என்றேன்.

அவர் கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஞானமுத்து அண்ணன் முதல் உருண்டையைப் பாதியாக உடைத்து எனக்குத் தந்தார்.

இப்போது டக்கோட்டாக்கள் இல்லை. கையுறையைப் பூச்சி அரித்தது. அண்ணனும், பின்னாலேயே அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் மார்த்தாண்டம் தாண்டும்போதெல்லாம், அடுத்த முறை இறங்கி அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சாலையை அகலமாக்கியதில் அந்த வீடும் போயிற்று. இனி இறங்கினாலும் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.