அரிப்பு

எனக்கு முப்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது பஸ்ஸில் முதுகெலும்பு உடைந்தது. விபத்தெல்லாம் இல்லை. சரோஜினி நகரிலிருந்து ஆபீஸ் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லோரும்தான் குலுங்கினோம். எனக்கு மட்டும் இடுப்புக்கு மேலே ஏதோ நொறுங்கியது. பக்கத்து சீட்டு அம்மாள் “க்யா ஹுவா பெஹன்ஜி?” என்று தோளைப் பிடித்தாள். பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார். “எழுபது வயசுக் கிழவியின் எலும்பு மாதிரி இருக்கிறதே” என்றார் இந்தியில். அதைக் கேட்டதும் என் கணவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. படம் மாறிப்போயிருக்கும் என்று எக்ஸ்ரே அறைக்கு ஓடினார். படம் என்னுடையதேதான் என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார்.

கால்சியம் மாத்திரை, இடுப்புக்குப் பட்டை, வலிக்கு ஆஸ்பிரின். ஆஸ்பிரின் போட்ட கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் நெருப்பாய்ச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் டைப்ரைட்டர் மேலேயே சரிந்துவிட்டேன். “கர்மி” என்றார்கள் ஆபீஸில். டெல்லி ஜூன் வெயிலில் யாருக்குத்தான் மயக்கம் வராது? வலி பொறுக்காமல் மறுபடி அதையே விழுங்கினேன்.

இரண்டு வருஷத்தில் இன்னும் இரண்டு எலும்புகள் அமுங்கின. ஒன்று, மகளைத் தூக்கியபோது. இன்னொன்று, தும்மியபோது. வேலையை விட்டேன். குவார்ட்டர்ஸின் முன்னறையில் கட்டிலோடு கிடந்தேன். ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட அவர் ஆபீஸிலிருந்து வரவேண்டும்.

“என்னை ஊர்ல கொண்டு விட்டுடுங்க. நீங்க வேற ஒருத்தியைப் பாருங்க” என்றேன் ஒருநாள்.

“இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்” என்று கத்தியவர், சமையலறைக்குள் போய் நின்று அழுதார். குழாயைத் திறந்துவிட்டும் எனக்குக் கேட்டது.

டாக்டரிடம் நாங்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் முதுகிலும் கையிலும் துவரம்பருப்பு அளவில் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. வெந்நீர் பட்டால் தடித்துக்கொண்டு அரிக்கும். “குஷ்டம்னு சொல்லிடுவாங்கடி” என்று பயந்து அம்மா எல்லா ரவிக்கைக்கும் முழுக்கை வைத்துத் தைத்தாள். கணவருக்குத் தெரிந்தபோது அவரும், “யார்கிட்டயும் காட்டிக்க வேண்டாம்” என்றார். எலும்பு டாக்டரிடம் தோலைப் பற்றி எதற்குச் சொல்லவேண்டும் என்று இருந்துவிட்டோம்.

புதுப் பட்டை அளவெடுக்க வந்த இளம் டாக்டரம்மா, ஒரு பஞ்சாபிப் பெண், என் ரவிக்கையைக் கழற்றச் சொன்னாள். நான் தயங்கியதில் அவளுக்குச் சந்தேகம். முதுகைப் பார்த்ததும் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஒரு புள்ளியைப் பேனா மூடியால் அழுத்தித் தேய்த்துவிட்டுக் காத்திருந்தாள். சில நிமிஷங்களில் அது கொசுக்கடி போலச் சிவந்து உப்பியது.

“இது எத்தனை வருஷமாக இருக்கிறது?”

“பதினோரு வருஷம்.”

“ஏன் சொல்லவில்லை?”

கழற்றிய ரவிக்கையை எடுத்து முதுகை மூடிக்கொண்டேன்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அடுத்த வாரம் அவளே உட்கார்ந்து விளக்கினாள். உடம்பில் ஒரு வகைச் செல் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்குமாம். எனக்கு அது மஜ்ஜையில் குவிந்து கிடந்து ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறதாம். தோலில் கொட்டினால் தடிப்பு, ரத்தத்தில் கலந்தால் மயக்கம். எலும்புக்குள் என்றால், பழைய எலும்பைக் கரைக்கிற வேலை வேகம் பிடிக்கிறது, புதிதாகக் கட்டுகிற வேலை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. தோலில் அரித்ததும் எலும்பை அரித்ததும் ஒன்றேதான் என்று எனக்குப் புரிந்தது.

“ஆஸ்பிரின்?” என்றார் கணவர்.

“அது அந்தச் செல்லைத் தூண்டிவிடும். இனி தொடவே கூடாது.”

அவர் சுவரைப் பார்த்து நின்றார். அதை என் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்ததெல்லாம் அவர்தான்.

அதன்பின் எனக்கு ஒரே பயம், மகள். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது அவள் முதுகில் நகத்தால் கீறிப் பார்ப்பேன். “அம்மா, வலிக்குது” என்று அழுவாள். தடிக்காது. ஆனாலும் அடுத்த ஞாயிறு மறுபடி கீறுவேன். எட்டு வயதில் அவள் குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரைகள் ஆரம்பித்தபின் சிவப்பும் மயக்கமும் குறைந்தன. அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு எலும்பு அமுங்கியது. அதற்குப் பிறகு இல்லை. உடைந்தது நிமிராது என்று அந்த டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். நான்கு விரற்கடை குட்டையாகிவிட்டேன். கூனும் விழுந்துவிட்டது. மார்க்கெட்டில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன். அவர் என் நடைக்கு நடக்கிறார்.