ஞாயிற்றுக்கிழமை நகம்

ரஞ்சனுக்குத் தன் அண்ணன்மேல் பொறாமை. வெளியே சொன்னால் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸே சிரிக்கும். வலது கை முழங்கையோடு போய், கழுத்திலிருந்து மார்புவரை தீக்காயத் தழும்போடு இருப்பவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ரஞ்சன் பட்டான், மனசார.

விபத்து நடந்தபோது அண்ணன் ஜெகதீஸ்வரனுக்குப் பதினைந்து வயது. சங்கராந்தியன்று ரயில் மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை இரும்புக் கம்பியால் தட்டிவிடப் போனான். உயிர் தங்கியதே பெரிது என்றார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, அம்மா அங்கேயே கிடந்தாள். ரஞ்சன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தானே தலைவாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அதன்பின் வீட்டில் எல்லாமே ஜெகாவுக்குத்தான். இடது கையால் பெயரெழுதினால் பாயசம். பல்லால் இழுத்து ஷூ லேஸ் கட்டினால் அப்பாவுக்குக் கண் கலங்கும். நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை கிடைத்தபோது தெரு முழுக்க ஸ்வீட். அதே வாரம் ரஞ்சனும் முதல் வகுப்பில் தேறியிருந்தான். ரெண்டு கையும் இருக்கு, தேறாம என்ன என்றார் அப்பா.

ஒற்றைக் கையால் இத்தனையும் கற்றவனுக்கு ஒன்று மட்டும் முடியவில்லை. இருக்கிற கையின் நகத்தை வெட்ட இன்னொரு கை வேண்டும். அது ரஞ்சனின் வேலை. ஞாயிறு காலை பேப்பரை விரித்து உட்கார்ந்தால், ஜெகா பேசாமல் கையை நீட்டுவான். என் தலையெழுத்து என்று முணுமுணுத்தபடி ரஞ்சன் வெட்டுவான். ஆனால் நெயில்கட்டரை அம்மாவிடம்கூட ஒருநாளும் கொடுத்ததில்லை.

பிறகு கல்பகம் வந்தாள். ஜெகாவின் கம்பெனியிலேயே கணக்குப் பார்ப்பவள். கல்யாண மண்டபத்தில் அவள் அவன் காதில் ஏதோ சொல்ல, ஜெகா தோள் குலுங்கச் சிரித்தான். தன்னோடு இருக்கும்போது அண்ணன் அப்படிச் சிரித்ததே இல்லை என்று ரஞ்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே நகம் வெட்ட ஆள் வந்தாச்சு. என்னை விட்ரு" என்றான்.

சுற்றியிருந்தவர்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஜெகா சிரிக்கவில்லை.

நாச்சாரத்தில் தனிக்குடித்தனம். அடுத்த ஞாயிறு ஜெகா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்தக் கையைக் கல்பகம் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக வெட்டுவது ரஞ்சனின் கண்முன்னே வந்து நின்றது. சோறு இறங்கவில்லை. சொன்னதும் தான்தான் என்பதால் யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை. மூன்றாவது ஞாயிறு நெயில்கட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

உள்ளே போய் உட்காருவதற்குள் கல்பகம் குறை சொல்ல ஆரம்பித்தாள். பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது அடியில் கிடந்ததாம், ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதன்மேல் ஒரு நெயில்கட்டரை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தது. மொட்டைக் கையால் அமுக்கினால் போதும், தானே வெட்டிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த புதிதில் ஜெகாவே செய்ததாம்.

"இதுலயும் வெட்டிக்க மாட்டேங்கறார். நான் வெட்டறேன்னாலும் நக்கோ, வேண்டாங்கறார். நீங்களே பாருங்க, எப்படி வளர்ந்திருக்குன்னு."

ரஞ்சன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனை வருஷத்து ஞாயிறுகள்.

"ஏண்ணா? இது இருக்கும்போது என்கிட்ட எதுக்குக் கையை நீட்டினே?"

ஜெகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ என் பக்கத்துல உட்கார்றது அது ஒண்ணுக்குத்தானேடா."

ரஞ்சன் சட்டைப்பையிலிருந்து நெயில்கட்டரை எடுத்தான். பேப்பரை விரித்தான். ஜெகா கையை நீட்டினான். வழக்கம்போல என் தலையெழுத்து என்று முணுமுணுத்தபடி ரஞ்சன் கட்டைவிரலைப் பிடித்தான்.

சமையலறை வாசலில் காபியோடு நின்ற கல்பகம், இரண்டு பேரையும் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பார்வை ரஞ்சனுக்கு நன்றாகத் தெரியும். மிச்ச விரல்களைக் கொஞ்சம் மெதுவாகவே வெட்டினான்.