பிஷப் தட்டிய கதவு

எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பதே ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போகும் டவுன் பஸ்ஸில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவும் அவர் கிறிஸ்தவர்களின் பிஷப் என்று அப்பா சொன்னபோது பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. உத்திர வீதியில் ஐயங்கார் வீட்டில் பிறந்தவர் எப்படி பிஷப் ஆக முடியும் என்று கேட்டேன்.  அப்பா, பெண்டாட்டியிடம்கூட முழுதாகச் சொல்லாத கதையை எட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லத் தொடங்கினார்.

பெரியப்பா காலேஜில் படிக்கும்போது மனம் மாறி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாராம். ஒருநாள் விடியற்காலை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாராம். அத்தைதான் முதலில் எழுந்து, வாசல் கதவு வெறுமனே சாத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அப்போது உயிரோடிருந்த தாத்தா, அவன் செத்துப்போனான் என்று சொல்லி வீட்டில் எல்லோரையும் தலைமுழுக வைத்தார். சின்னப் பையனாக இருந்த அப்பாவின் தலையிலும் அத்தைதான் தண்ணீர் ஊற்றினாள். தாயில்லாத இரண்டு தம்பிகளையும் வளர்த்தவள் அவள். இளம் வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த இரண்டு பேரும்தான் பிள்ளைகள்.

செத்துப்போனவரோ நன்றாகவே வாழ்ந்திருக்கிறார். குக்கிராமங்களில் பாதிரியாராக இருந்து சைக்கிளில் சுற்றினாராம். காலரா வந்த ஊர்களில், சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிணங்களைச் சுமந்து போய்ப் புதைத்தாராம். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாராம். இப்போது வேறொரு ஜில்லாவுக்கு பிஷப். திருச்சியில் கட்டியிருக்கும் புதிய கோவிலைத் திறந்துவைக்க வருகிறார். "அத்தைகிட்ட மூச்சு விடாதே, நானே சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் புதிய கோவிலின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் பெரிய கூட்டம். வெள்ளை அங்கி போட்ட பையன்கள் பாடிக்கொண்டு வர, அவர்களுக்குப் பின்னால் சிவப்பு அங்கியும் மார்பில் சிலுவையும் கையில் நுனி வளைந்த கோலுமாக ஒருவர் நடந்து வந்தார். நெடுநெடுவென்ற உயரம். மூக்கு மட்டும் அப்படியே அத்தையின் மூக்கு. போலீஸ்காரர்கூட அவருக்காக ஒதுங்கி நின்றதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவர் எங்கள் வீட்டுக்காரர் என்று கூவ வேண்டும்போல் இருந்தது.

அப்படிப்பட்டவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கோலின் அடியால் மூன்று தரம் தட்டினார். கதவைத் திறக்கும்படி தம் வாயாலேயே கேட்டார். மைக் இல்லாமலே அந்தக் குரல் கடைசியில் நின்ற எங்களுக்குக் கணீரென்று கேட்டது. அதன் பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் திறந்தார்கள். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூடிய கதவு எனக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு பெரியவர் தாமே தட்டி, கேட்டு, காத்து நின்றது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் அவர்முன் நின்றார்.  பெரியப்பா என் தலைமேல் கையை வைத்தார்.  பிறகு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மறுநாள் சாயங்காலம் ரயிலாம். அதற்குமுன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன் என்றார்.

அத்தையிடம் இதைச் சொல்வதற்குள் அப்பாவுக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அத்தை தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அப்பா அந்தப் பக்கம் போனதும் என்னைக் கூப்பிட்டு, என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டாள். நான் துணி உலர்த்தும் கொம்பை எடுத்துக்கொண்டு பிஷப் மாதிரியே நடந்து காட்டினேன். சமையலறைக் கதவைச் சாத்தித் தட்டியும் காட்டினேன்.

"அவனேவா தட்டினான்?"

ஆமாம் என்றேன்.

"வாயத் தொறந்து கேட்டானா?"

ஆமாம் அத்தை என்றேன். அதையே இன்னொரு தரமும் கேட்டாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பிற்பகல் பெரியப்பாவை அழைத்துவர அப்பா பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். எங்கள் தெருவில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. அத்தை எழுந்து போய்ச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். தெருமுனையில் திரும்பி அந்தக் கதவைப் பார்த்ததும் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்ததாக அப்பா பிற்காலத்தில் சொல்வார். எனக்கோ உள்ளே ஒரே குதூகலம். பிஷப்புக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அத்தை முறைப்படி செய்கிறாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்கிறாள் என்று பூரித்துப்போய் அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

செருப்புச் சத்தம் வந்து நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு விரலால் மெதுவாகத் தட்டும் ஓசை.

"யாரு?" என்றாள் அத்தை.

"நான்தான்க்கா."

"நான்னா?"

வீட்டில் கூப்பிட்ட பழைய பெயரைச் சொன்னார். நேற்று அத்தனை கூட்டத்துக்கும் கேட்ட குரல் இன்று ஒரு பலகையைத் தாண்டி வரச் சிரமப்பட்டது.

"சொல்லாமப் போயிட்டேன்க்கா. உள்ள வரட்டுமா?"

அத்தையின் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. இழுக்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நானும் கை வைத்தேன். அத்தை என் கையை விலக்கினாள். பிறகு அவளே இழுத்துத் திறந்தாள்.

பெரியப்பா உள்ளே வந்தார். வெள்ளை அங்கியும் சிலுவையுமாக அப்படியே தரையில் விழுந்து அத்தையைச் சேவித்தார். ஊரே தலைவணங்கிய மனிதர் எங்கள் அத்தையின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்.  இவர்களில் யார் பெரியவர் என்று அன்று எனக்கு நிஜமாகவே குழப்பமாகிவிட்டது.

"எழுந்துருடா. காப்பி ஆறிப்போயிடும்" என்றாள் அத்தை.

கதவைச் சாத்துவதற்கு முன்பே கலந்து வைத்திருந்தாள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டு டம்ளரிலேயே குடித்தார். சர்க்கரை போதுமா என்று அத்தை கேட்டாள். போதும் என்றார். அதற்குமேல் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. பேசினார்களா என்பதே சந்தேகம்தான்.

அவரை ரயில் ஏற்றிவிட்டு அப்பா திரும்பியதும் முதல் வேலையாக ஒரு புகார் சொன்னேன். வாசல் தாழ்ப்பாள் கெட்டுப்போய்விட்டது, அத்தையால் எவ்வளவு நேரம் அதை இழுக்கவே முடியவில்லை தெரியுமா என்றேன். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மறுபேச்சில்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து தாழ்ப்பாளுக்கு நிறைய விட்டார்.

நான் இழுத்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கே ஓடியது. எண்ணெய் போட்டதில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.