பட்டன்கடைக்கு எதற்கு நோட்டு?

பட்டன் விற்கிற ஒருத்திக்கு மாதம் ஒரு நோட்டு எதற்கு? இந்தக் கேள்வி இரண்டு வருடம் என் மண்டையைக் குடைந்தது. நோட்டை விற்றவனே நான்தான். மாதம் பிறந்தால் தெருவைக் கடந்து வந்து, "அண்ணே, நம்ம நோட்டு" என்பாள். கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "சும்மாதான் அண்ணே" என்றாள். சும்மா யாராவது மாதம் எண்பது பக்கம் எழுதுவார்களா? அதுவும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு?

எங்கள் தெருவில் ஒரே கட்டடக்காரருக்குச் சொந்தமான கடைகள் பன்னிரண்டு. இந்தப் பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஆறு. இந்தப் பக்கம் முனையில் என் நோட்டுக்கடை. நேர் எதிரே அவளுடைய பட்டன்கடை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாருக்குத் துணையாக உட்கார்ந்தவள். மாமியாருக்கு முட்டிவலி வந்ததும் கடை முழுக்க அவள் தலையில் விழுந்தது. புருஷன் பஸ் டிரைவர். நாங்கள் எல்லோரும் அவளைப் 'பட்டன்' என்றே கூப்பிடுவோம்.

முந்நூறு பெட்டிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பாள். யாராவது சட்டையோடு வந்தால், மிச்சமிருக்கிற பட்டனைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டிச் சரியான பெட்டியை உருவுவாள். குரல் இருக்கிறதே, அது வேறு ரகம். "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று அவள் அங்கிருந்து கேட்டால் பஸ்ஸில் போகிறவர்களும் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

புறவழிச் சாலையில் அந்த ஐந்து மாடிக் கடை வந்ததும் எங்கள் தெருவுக்குக் கெட்ட காலம் பிடித்தது. முதலில் செருப்புக்கடையை மூடினார்கள். பிறகு கடிகாரக்கடை, பாத்திரக்கடை, தையல்காரர். பேசிவைத்த மாதிரி ஒவ்வொருவராகப் போய், கடைசியில் ஐந்து கடைகள்தான் மிஞ்சின. கட்டடக்காரர் ஒருநாள் வந்து தெரு நடுவில் நின்று சொன்னார்: "வருஷக் கடைசிக்குள்ள எட்டுக் கடையாவது தெறந்திருக்கணும். இல்லன்னா மொத்தத்தையும் சரக்குக் கிடங்குக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." எனக்கு அது பெரிய அடியாகப்படவில்லை. என் மகள் வெளியூரிலிருந்து தினமும் போனில், "அப்பா, கடையை விட்டுட்டு இங்க வாங்கப்பா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். பட்டனுக்கோ போக வேறு இடம் கிடையாது. அந்த முந்நூறு பெட்டியையும் எங்கே கொண்டு போவாள்?

மறுவாரம் ஒரு காட்சி கண்டேன். கட்டடக்காரர் அவள் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவள் என் நோட்டை, நான் விற்ற நோட்டை, பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டுகிறாள். அவர் தலையை ஆட்டுகிறார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் கடையைப் பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இது ஊரறிந்த விஷயம். அவர் கிளம்பியதும் தெருவில் இறங்கிக் கத்தினேன்.

"என் கடைக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு எழுதிக் குடுக்கிறியா? நல்லா வேவு பாக்கறம்மா நீ!"

"என்னையா அண்ணே அப்படி நெனச்சீங்க?" என்றாள், அந்தப் பெரிய குரல் இல்லாமல். உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் நோட்டு வாங்க வரவில்லை. எனக்கென்ன போச்சு என்று நானும் இருந்தேன். வீம்புக்குக் கடையைப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் அங்கே இருந்தேன். பேரப்பிள்ளையின் பென்சிலை ஒரு நாளைக்கு நாலு தடவை சீவினேன். பாவம், அதற்கு மேல் பென்சில் இல்லை. வருடத்தின் கடைசி நாளன்று சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

தெருவுக்குள் நுழைந்தால், தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது. கடிகாரக்கடை திறந்திருக்கிறது, உள்ளே யாரோ புது ஆள். தையல்காரர் இடத்தில் ஒரு பெண் பேண்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருக்கிறாள். பாத்திரக்கடை டீக்கடையாகியிருக்கிறது, வாசலில் இரண்டு பெஞ்சு, நிறைய ஆட்கள். நான் கடிகாரக்காரரிடம் போய், "யாரை நம்பி இங்க கடை போட்டீங்க?" என்றே கேட்டுவிட்டேன்.

"அந்த பட்டன்கடை அம்மாதான். ஒரு கட்டு நோட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. வாட்ச் பேட்டரி கேட்டு மட்டும் ரெண்டு வருஷத்துல நானூத்திப் பன்னெண்டு பேர் வந்து திரும்பிப் போயிருக்காங்களாம். தேதியோட எழுதி வச்சிருக்காங்க சார்!"

தெருவில் எது கிடைக்கவில்லையோ, அதைக் கேட்டு வந்தவர்களை அவள் எழுதி வைத்திருக்கிறாள். அதைத்தான் கட்டடக்காரரிடம் காட்டி, என் கடையையும் எட்டில் ஒன்றாகச் சேர்த்து, மூடிய கடைகளுக்குத் தானே ஆள் கொண்டுவருவதாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். நான் அவளை வேவுக்காரி என்றேன். என் நாக்கை என்ன சொல்வது?

தலையைக் குனிந்துகொண்டு அவள் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சாவியையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எங்கள் தெருவில் இதற்கு மட்டும் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பகையாளி கடையாக இருந்தாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தேன்.

மேஜையில் நோட்டு இல்லை. பட்டன்கள் தைத்து வருமே, அந்த வெற்று அட்டைகளை நூலில் கோத்து வைத்திருந்தாள். என்னிடம் நோட்டு வாங்காமல் போன பிறகு வேறு கடையில் வாங்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. எடுத்துப் படித்தேன். முதல் அட்டையில், "கிராஃப் தாள். நோட்டுக்கடை ஏன் மூடியிருக்கு என்றார்கள்." அடுத்ததில், "போஸ்ட்மேன். நோட்டுக்கடை அண்ணன் எங்கே?" அடுத்ததில், "ஸ்கூல் டீச்சர், சிவப்பு மை. அவர் திட்டுவாரே, அவர் எங்கே?" இப்படிப் பல அட்டைகள். ஆனால் எல்லா நாளிலும் முதல் வரி மட்டும் ஒன்றுதான். காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தாள், நான் கடை திறக்கிற நேரம். "கேட்டது: நோட்டுக்கடை அண்ணன். கேட்டவர்: நான். இல்லை."

அறுபத்தொரு நாள். ஒருநாள்கூட விடவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அவளையும் சேர்த்துப் பழைய கடைகள் நாலு, புதிது மூன்று. ஏழு. கட்டடக்காரர் இன்று நாலு மணிக்கு வந்து எண்ணுவாராம், கடிகாரக்காரர் சொல்லியிருந்தார். எட்டாவது சாவி என் கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துதான் அவள் ஒரு வார்த்தை கேட்காமல் டீக்கடைக்குப் போயிருக்கிறாள். கேட்டுத் திறந்தால் நானாகத் திறந்த மாதிரி ஆகாதே.

அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன், கடையைப் பாதியில் விட்டுப் போகக் கூடாதல்லவா? வந்ததும் தெருவைக் கடந்தேன். ஷட்டர் துருப்பிடித்துத் தூக்க முடியவில்லை. கடிகாரக்காரரும் டீக்கடைக்காரரும் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டுக்கொண்டு அது மேலே போனது. மேஜையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவள் நிற்கிறாள்.

"உன்னைத் தப்பா பேசிட்டேம்மா" என்றேன்.

"அது கெடக்கட்டும்" என்றாள், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில். "அண்ணே, நம்ம நோட்டு."