ஆன்டெனாக் குழாயில் ஒரு தட்டு

நாங்கள் இருந்த சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பகலில் யாரும் கத்தக் கூடாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் தூங்குவார்கள். ஒரு பாத்திரம் கீழே விழுந்தால்கூடச் சண்டை வரும். அதனால் மொட்டை மாடியில் அப்பா ஆன்டெனாவைத் திருப்பும்போது, மற்ற ஊர்க்காரர்களைப் போல "வந்துச்சா, வரலியா" என்று கூவ எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆன்டெனாவின் இரும்புக் குழாய் எங்கள் ஜன்னலை ஒட்டி மேலே போகும். அம்மா அதில் கரண்டியால் மெல்லத் தட்டுவார். மைன்ஸ் மெஷின் சத்தத்தில் அப்பாவுக்குப் பாதிக் காது போயிருந்தது. ஆனால் குழாயைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தத் தட்டு தெரிந்துவிடும். இரண்டு தட்டினால் இன்னும் திருப்ப வேண்டும். ஒன்று தட்டினால் படம் வந்துவிட்டது, இறங்கி வரலாம்.

அப்பா ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீட்டுக்கு வந்தோம். குழாயும் கூடவே வந்தது. "ஜன்னலாண்டயே நட்டுடுங்க, எனக்குத் தட்டத் தோதா இருக்கும்" என்றார் அம்மா.

செட்டாப் பெட்டி வைத்தால்தான் கேபிளில் படம் தெரியும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அப்பா மசியவில்லை. "கவர்மென்ட் சேனல் ஆன்டெனாலயே சும்மா வருது. பெட்டி எதுக்கு?" பிறகு ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பழைய ஒளிபரப்பையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் டிஜிட்டல். எங்கள் டிவியில் புள்ளிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஓயாமல் பேசுகிற மனுஷி, கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு டிவியாவது ஓடினால் அம்மாவுக்குப் பொழுது போகுமே என்று நான் தவித்தேன். பெட்டி வாங்கலாம் என்றால், பண்ருட்டி டிவி கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். "இனிமே சிக்னல் புடிக்கற டியூனரை டிவிக்குள்ளயே வெச்சுதான் விக்கணும்னு கவர்மென்ட் சொல்லப் போவுதாம் சார். தனியா பெட்டியே வாணாம்."

"ஆர்டர் வரட்டும், புது டிவியே வாங்கிடலாம்" என்றார் அப்பா. பஞ்சப்படி ஆர்டருக்குக் காத்திருந்து பழகிய மனுஷன், இதற்கும் காத்திருந்தார்.

காத்திருந்த நேரத்தில் சும்மாவும் இருக்கவில்லை. தினமும் சாப்பிட்டதும் மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்புவார். அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அம்மா இடது கையால் ஸ்பூனை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டுவார். அப்பா இறங்கி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் புள்ளிகளைப் பார்ப்பார்கள். "வராத படத்துக்கு ஏம்மா தட்டற?" என்று நான் எரிந்து விழுவேன். அம்மா வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். இரண்டு பேருக்குமே புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆர்டர் வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும், டியூனர் உள்ளேயே இருக்கிற டிவி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். சின்ன டிஷ் மாட்டியதும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். சாப்பிட்டதும் மாடிக்குப் போய்விட்டார்.

வெகுநேரம் வரவில்லை. வாசலில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். திருப்பக்கூட இல்லை. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. உள்ளே வந்து அம்மாவின் ஸ்பூனை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டினேன்.

செருப்புகூடப் போடாமல் வேகமாக இறங்கி வந்தார். என் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"நீயாம்மா" என்றார். வெறுங்கட்டிலில் உட்கார்ந்தார். "அவ தட்டும்போதும் படம் வரலன்னு எனக்குத் தெரியும். அவ என்னைக் கூப்பிட அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுக்குத்தான் மேல போவேன்."

புது டிவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை அணைத்தேன்.