கைதானே என்று விட்ட படம்

வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு, சிஸ்டரம்மாவை மருத்துவமனை நடத்திய ஆய்விதழின் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். சலவைக்கூடத்துக்கு மேலே இரண்டு சின்ன அறைகள். கீழிருந்து ஆவியும் சோப்பு வாசனையும் ஏறிவரும். மழைக்காலத்தில் அது சுகம், வெயில் காலத்தில் தண்டனை. இன்றும் எங்காவது வெந்நீரில் துணி அலசும் வாசனை வந்தால் அவருக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

டாக்டர்கள் அனுப்பும் கட்டுரைகளில் எழுதியவர் பெயரைத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். யாருடையது என்று தெரியாமல்தான் வேறு டாக்டர்கள் அதைப் படித்து நிறைகுறை சொல்ல வேண்டும். இப்போது கணினி ஒரு நொடியில் செய்கிற வேலை. அன்று கோந்தும் கத்தரிக்கோலும் விரலெல்லாம் பிசுக்குமாக அரை நாள் போகும். நோயாளியின் முகப்படம் இருந்தால் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றும் பார்ப்பார். இல்லையென்றால் கட்டுரை வந்த வழியே திரும்பிவிடும். "இதழாசிரியரைக்கூடச் சமாளிச்சுடலாம், சிஸ்டரம்மாகிட்ட முடியாது" என்று டாக்டர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் அவர் கணவர் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தார். பாத்திரத்தை வைக்க இடம் தேடி, அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்திருந்த தாள்களை நகர்த்தியவர் ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, நம்ம சலூன்காரர் கை இங்க என்ன பண்ணுது?"

"யாரு கையோ. சரும நோய்க் கட்டுரை அது. நோயாளி பேரே எனக்குத் தெரியாது."

"பேரு எதுக்கு? சுண்டுவிரலைப் பாரு, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. மாசா மாசம் கண்ணாடியில அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"உங்க நாலு முடிக்கு மாசா மாசம் வேறயா?"

"பேச்சுத் துணைக்குப் போறேன். வீட்ல யாரு என்னைப் பேச விடுறா?"

சிரிக்க வாயெடுத்த சிஸ்டரம்மா அப்படியே நிறுத்திக்கொண்டார். படத்தில் முகம் இல்லை. செதில் செதிலாக உரிந்த இரண்டு கைகள் மட்டும். கைதானே, கையெழுத்து எதற்கு என்று அவரேதான் அதை அச்சுக்கு அனுப்பியிருந்தார். இதழைப் படிப்பவர்கள் இந்த மருத்துவமனை டாக்டர்கள். அவர்கள் முடி வெட்டிக்கொள்வது எதிர் வரிசையில் இருக்கும் அதே சலூனில். தொற்றாத நோய், ஆறியும் விட்டது, எல்லாம் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் தொற்றாது என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு இரண்டு தரம் கை கழுவுகிற டாக்டர்களை அவர் வார்டில் பார்த்தவர். இந்தப் படம் வெளிவந்தால் யார் அந்தக் கைக்குக் கழுத்தைக் கொடுப்பார்கள்?

சாப்பாட்டைத் திறக்காமலே தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். சலூனில் அப்போது வேறு ஆள் இல்லை. தாளைப் பார்த்ததும் சலூன்காரர் தன் வலது கையைச் சட்டென்று துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"வைத்தியத்துக்குன்னுதானே சிஸ்டர் படம் எடுத்தாங்க! வீட்டுப் பிள்ளைங்ககிட்டகூட வெந்நீர் பட்டுடுச்சுன்னுதான் சொல்லியிருக்கேன். இது வெளிய வந்தா கடைக்குப் பூட்டுதான்."

"உங்களுக்கு வேண்டாம்னா இதழ்லேர்ந்து எடுத்துடலாம்."

"டாக்டர் போடுறதை நான் வேண்டாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

சலூன்காரர் சீப்பைத் துடைத்து வைத்தார். "அப்ப வேண்டாம் சிஸ்டர்."

ஆசிரியர் அறையில், கட்டுரை எழுதிய இளம் டாக்டரும் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். "முகமே இல்லையே! படம் இல்லேன்னா நான் எழுதினதை யாரு நம்புவா? எனக்கு இதுதான் முதல் கட்டுரை."

"நீங்கதானே சிஸ்டர் சரின்னு அனுப்பினீங்க?" என்றார் ஆசிரியர்.

"ஆமா சார், தப்பு என்னோடதுதான். ஆனா பாத்தவுடனே ஆளைத் தெரியுது. அவருக்கும் விருப்பம் இல்லை."

"யாரைத் தெரியுது?"

"அதை நான் சொல்லக் கூடாது சார்."

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தவரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. முந்தின நாள்தான் முடி வெட்டியிருந்தார்.

"படத்தை எடுத்துடுங்க," என்றார். "இனிமே கையோ காலோ, எதுவானாலும் அந்த ஆளுக்குக் காட்டிக் கேட்டுட்டுத்தான் போடணும்."

கட்டுரை படமில்லாமல் வந்தது. இளம் டாக்டர் சிஸ்டரம்மாவைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார். வார்டில் எத்தனையோ பேர் முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்த சிஸ்டரம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. பல வாரம் கழித்து ஒரு நாள் அந்த டாக்டரே படியேறி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த இதழ்லயாவது படத்தைப் போடலாமான்னு நானே போய் அவர்கிட்ட கேட்டேன் சிஸ்டர். பேரு வராது, மத்த நோயாளிங்களுக்கு உதவியா இருக்கும்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்தது வந்தீங்க உக்காருங்கன்னாரு. உக்காந்தேன்."

சிஸ்டரம்மா எழுந்து சுற்றிவந்து அவர் பின்னந்தலையைப் பார்த்தார். காதுக்குக் காது, ஒரு முடி ஏற்ற இறக்கம் இல்லை.